கருப்பொருள் கட்டத்தில் ஒரு கோடு

அந்தப் பாரத்தில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கைப்பேசி எண் என்று வழக்கமானவை போக, ஏழாவது கட்டத்தில் ‘ஓவியத்தின் கருப்பொருள்’ என்று அச்சிட்டிருந்தோம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சிலர் சேர்ந்து தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் நடத்தும் ஓவியக் கண்காட்சிக்கான விண்ணப்பப் பாரம் அது. செயலாளன் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தவன் நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானிலிருந்து, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஓர் ஓவியத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். செங்கல் நிறத்தில் மூன்று பட்டைகள். அவற்றின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு சரிவு. கீழ் மூலையில், தூரிகையால் அல்லாமல் துணியால் துடைத்து எடுத்ததுபோல மங்கிய மஞ்சள். ஆளுமில்லை, மரமுமில்லை, மயிலுமில்லை. பாரத்தை நிறுத்தி நிதானமாக, ஆசிரியைக்கே உரிய முத்துமுத்தான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். ஏழாவது கட்டத்தில் மட்டும் சொல் எதுவும் இல்லை. நீல மையில், அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல, இடமிருந்து வலமாக ஒரே ஒரு கோடு இருந்தது.

செயலவைக் கூட்டத்தில் இந்தப் பாரத்துக்காக நாங்கள் செலவிட்ட நேரம் இரண்டு நிமிடங்களுக்கு மேல் இராது. கருப்பொருள் எழுதாத பாரம் பூர்த்தி செய்யப்படாத பாரம். பூர்த்தி செய்யப்படாத பாரத்தை ஏற்பதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. அடுத்தது என்ன என்று பொருளாளர் கேட்டார். நான் கையொப்பமிட்டேன். அந்த வாரச் சனிக்கிழமை மாலை அம்மையார் ஓவியத்தைத் திரும்ப எடுத்துச்செல்ல வந்தார். பழைய பாத்தேக் கைலி ஒன்றில் அதைச் சுற்றிக்கொண்டே, கோபம் சிறிதும் இல்லாத குரலில் கேட்டார்: “தம்பி, அந்தக் கட்டத்தை நான் காலியாக விடவில்லையே. கோடு போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?”

என்னிடம் பதில் இல்லை. மண்டபத்தின் மறுகோடியில் அதே நேரத்தில் வண்ண அரிசிக் கோலப் போட்டிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்த நடுவரும் எந்தப் பெண்ணிடமும் உங்கள் சிக்குக் கோலத்தின் கருப்பொருள் என்ன என்று கேட்கவில்லை. கோலமும் அரூபம்தானே, எந்த உருவத்தையும் காட்டாத கலைதானே என்று அன்றே எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டு அம்மையாருக்கு நியாயம் வழங்கிவிட முடியாது என்பதும் பின்னர் விளங்கியது. அரூப ஓவியர்களை மிக அதிகமாகக் காயப்படுத்திய சொல் ‘புரியவில்லை’ என்பதன்று. ‘அலங்காரமாக இருக்கிறது’ என்பதுதான்.

சமையல் பாத்திரம் என்று பதிவான பறவை

கட்டங்களுக்கும் கலைக்கும் இடையிலான இந்தப் பூசல் எங்கள் மண்டபத்தில் தொடங்கியதன்று. 1926ஆம் ஆண்டு, சிற்பி பிரன்குசி செய்த ‘வான்வெளியில் பறவை’ என்னும் வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தபோது, அங்கிருந்த சுங்க அதிகாரிகளுக்கு அதில் இறக்கையும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை. கலைப்படைப்பாக இருந்தால் வரி கிடையாது. இது கலைப்படைப்பாகத் தெரியாததால், சமையல் பாத்திரங்களும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய வகையில் பதிவுசெய்து 40 விழுக்காடு வரி விதித்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1928இல் பிரன்குசியின் பக்கம் தீர்ப்பாயிற்று. அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1936இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘கியூபிசமும் அரூபக் கலையும்’ என்ற பெருங்கண்காட்சிக்காக ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த சிற்பங்களில் 19ஐச் சுங்கத்துறை மறுபடியும் கலையாக ஏற்க மறுத்தது. சிற்பம் என்றால் மனித உருவத்தையோ இயற்கைப் பொருளையோ ஒத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாரத்தின் ஏழாவது கட்டம்.

அந்தக் கண்காட்சியை அமைத்த ஆல்ஃபிரட் பார், சுங்கத்துறையைப் போலக் கலை அறியாதவர் அல்லர்; இந்தப் புதிய கலைக்காக அந்நாட்டில் அவரளவுக்கு உழைத்தவர்கள் குறைவு. எந்த இயக்கத்திலிருந்து எது பிறந்தது என்று அம்புக்குறிகள் இட்டு அவர் வரைந்த வம்சாவளிப் படம் இன்றளவும் கலை மாணவர்களுக்குப் பாடம். அந்தப் படத்தில் அமெரிக்காவுக்கு இடமில்லை. கண்காட்சியிலும் கால்டர், மேன் ரே போன்ற ஓரிருவர் தவிர, நியூயார்க்கிலேயே குடியிருந்து, அதே அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் வரைந்துகொண்டிருந்த அரூப ஓவியர்கள் எவரும் இல்லை. அரூபம் என்பது பாரிஸிலிருந்து வரும் சரக்கு என்றே அருங்காட்சியகம் எண்ணியது. உள்ளூர்க் காட்சிக்கூடங்களோ அமெரிக்கக் கிராமங்களையும் அமெரிக்க உழவர்களையும் வரைந்தவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தன. அதிகாரி உருவம் எங்கே என்று கேட்டார். அறிஞர் ஊர் எது என்று கேட்டார். இருவரின் பாரத்திலும் இந்த ஓவியர்களால் நிரப்ப முடியாத கட்டம் ஒன்று இருந்தது.

சங்கம் என்ற சொல் இல்லாத சங்கம்

1936ஆம் ஆண்டு அந்த நியூயார்க் அரூப ஓவியர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘அமெரிக்கன் அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’. அமெரிக்க அரூபக் கலைஞர்கள், அவ்வளவுதான். சங்கம், மன்றம், கழகம், பேரவை என்ற எந்த வாலும் அதில் இல்லை. நான்கு தமிழர்கள் கூடினால் முதலில் மன்றத்தின் பெயரையும் இரண்டாவதாகத் தலைவரையும் முடிவு செய்யும் நாட்டில் வாழும் எனக்கு, இதைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. ரோசலிண்ட் பெங்கல்ஸ்டார்ஃப், பைரன் பிரவுன், ஆல்பர்ட் ஸ்விண்டன், சிற்பி இப்ராம் லஸ்ஸா ஆகிய நால்வர், எங்கே காட்சிக்கு வைப்பது என்ற ஒரே கவலையோடு ஒருவர் வீட்டுப் பணியறையில் கூடியதில் தொடங்கி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆள் கூடிக்கொண்டே போயிற்று. பலர் அரசாங்கத்தின் பஞ்சகால வேலைத்திட்டத்தில் வாரம் ஏறக்குறைய 24 டாலர் ஊதியத்துக்கு வரைந்துகொண்டிருந்தவர்கள். ஜார்ஜ் எல். கே. மாரிஸ் போன்ற சிலர் பரம்பரைச் செல்வர்கள். ஆல்பர்ஸ் ஜெர்மனியில் நாஜிகள் மூடவைத்த பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து வந்தவர். போலோடாவ்ஸ்கி ரஷ்யாவில் பிறந்தவர். பெண்களும் கணிசமாக இருந்தார்கள்: ஆலிஸ் டிரம்பல் மேசன், கெர்ட்ரூட் கிரீன், எஸ்ஃபிர் ஸ்லோபோட்கினா என்று தொடக்கத்திலிருந்தே பெயர்கள் வருகின்றன. அந்தக் காலத்து ஓவியர் குழுக்களோடு ஒப்பிட்டால் இது அரிது.

நான் இத்தனை நாள் யோசித்து நிற்கும் இடம் அந்தக் கூட்டங்களில் எழுந்த ஒரு விவாதம். ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளைஞர், 22 வயதில் பாரிஸுக்குப் போய் டச்சு அரூப ஓவியர் மோந்திரியானின் கதவைத் தட்டியவர், ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே எல்லாரும் கூடி, அரூபம் என்றால் என்ன என்பதைச் சேர்ந்து கற்று, சேர்ந்து வரைந்து, ஒரு பட்டறையாக, ஒரு பள்ளியாக வளர வேண்டும் என்பது அவர் கனவு. முதலில் நமக்குள் தெளிவு பிறக்கட்டும்; பிறகு ஊருக்குக் காட்டலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பொறுப்பான யோசனை இருக்க முடியாது. மற்றவர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது சுவர். தெளிவு பிறக்கும்வரை காத்திருந்தால் சுவர் கிடைக்காது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர்கள் கோர்க்கியும் டி கூனிங்கும் தொடக்கக் கூட்டங்கள் சிலவற்றுக்கு வந்தார்கள், ஆனால் சேரவில்லை. இறுதியில் கண்காட்சிதான் முதல் நோக்கம் என்று தீர்மானம் ஆயிற்று. அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், ‘அரூபம்’ என்ற சொல்லுக்குத் தாங்கள் தாராளமான பொருளே கொள்வதாக எழுதிவைத்தார்கள்.

இந்தத் ‘தாராளமான பொருள்’ என்பதை முதன்முறை படித்தபோது, சண்டையைத் தவிர்ப்பதற்காக எழுதிய மழுப்பல் வாசகமாகவே எனக்குப் பட்டது. செயலவைத் தீர்மானங்களை எழுதிப் பழகியவனுக்கு இத்தகைய வாசகங்களின் வாசனை தெரியும். ஆனால் திரும்பத் திரும்ப யோசித்ததில், அது மழுப்பல் அன்று என்று தோன்றத் தொடங்கியது. உள்ளே நிற்பவர்களுக்கு அரூபம் பற்றிக் கருத்து இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருந்தது, ஆளுக்கொன்றாக இருந்தது. வடிவியலைத் தவிர வேறெதையும் ஏற்காதவர், பொருளை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச வழியில் ஒரு குவளையின் நிழலையாவது விட்டுவைப்பவர், உயிரணுக்களைப் போன்ற வளைவுகளை வரைபவர் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்கள் வரையறையை எழுதியிருந்தால் அந்த வரையறை முதலில் தங்களில் பாதிப்பேரையே வெளியேற்றியிருக்கும். எனவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், ஏதோ ஒரு சொல்லால் நிரப்பவும் செய்யாமல், தெரிந்தே ஒரு கோடு போட்டுவைத்தார்கள்.

1937 ஏப்ரலில் ஐந்தாம் அவென்யூவில், ஸ்குயிப் என்ற மருந்து நிறுவனத்தின் பெயர் தாங்கிய கட்டடத்தில், 39 பேரின் படைப்புகளோடு முதல் கண்காட்சி நடந்தது. விவரப்பட்டியல் அச்சிடுவதற்குப் பதிலாக, 30 பேர் ஆளுக்கொரு துத்தநாகத் தகட்டில் வரைந்து, அதையே கல்லச்சுப் பாணியில் படியெடுத்துத் தொகுப்பாகக் கட்டி, 50 காசுக்கு விற்றார்கள். எங்கள் கண்காட்சி மலரில் வாழ்த்துரைகளுக்கு மட்டும் 11 பக்கம் ஒதுக்கும் எனக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது. விமர்சகர்களில் பலர் ஐரோப்பிய நகல் என்றார்கள். அதையும் எதிர்பார்த்தே இருந்தார்கள் போலும். மறு ஆண்டே தங்கள் கட்டுரைகளைத் தாங்களே எழுதி ஓர் ஆண்டுமலராக வெளியிட்டார்கள்.

சாய்கோட்டை மன்னிக்காதவர்

வரையறை எழுதாதவர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று பொருளல்ல. 1937இல் குக்கன்ஹைம் அறக்கட்டளை தொடங்கியபோது, அதன் பின்னணியில் இருந்த ஹில்லா ரீபே என்னும் அம்மையார், உண்மையான அரூபக் கலை மண்ணுலக வாழ்வோடு தொடர்பற்றது, ஆன்மிகமானது என்ற கருத்தைப் பரப்பிவந்தார். தங்களுக்கு மிக வேண்டிய பணமும் சுவரும் இருந்த இடம் அது. இருந்தும் பெங்கல்ஸ்டார்ஃப், பிரவுன், ஜார்ஜ் மெக்நீல் உள்ளிட்ட சிலர் சேர்ந்து, எங்கள் ஓவியம் வாழ்க்கையிலிருந்து விலகி நிற்பதன்று, வாழ்க்கையிலிருந்து வருவது என்று ‘ஆர்ட் ஃபிரண்ட்’ இதழில் கடிதம் எழுதினார்கள். பாராட்ட வருபவர் தவறான காரணத்துக்காகப் பாராட்டினால் அதையும் மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. எங்கள் செயலவைக்கும் இல்லை.

அந்தத் தாராளத்தின் உண்மையான சோதனை 1940இல் வந்தது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டு, ஹோல்ட்ஸ்மனின் உதவியால், 68 வயது மோந்திரியான் நியூயார்க் வந்து இறங்கினார். செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, மூன்று அடிப்படை நிறங்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் நெடுங்காலம் தீண்டாதவர் அவர். தம் நண்பர் வான் டூஸ்பர்க் ஓவியத்தில் சாய்கோட்டைக் கொண்டுவந்ததை ஏற்க முடியாமல், தாமே வளர்த்த ‘டி ஸ்டைல்’ என்ற டச்சுக் கலை இயக்கத்தைவிட்டு 1920களின் நடுவில் விலகியவர். சாய்கோடு, வளைகோடு, பச்சை நிறம், குவளையின் நிழல் எல்லாம் நிறைந்திருந்த இந்தக் குழுவில் அவர் சேர்ந்தார்; அவர்களோடு காட்சிக்கும் வைத்தார். ஐரோப்பாவில் ஒரு சாய்கோட்டைப் பொறுக்காதவர் இங்கே ஏன் பொறுத்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதுமை, அகதி வாழ்க்கை, ஹோல்ட்ஸ்மன் மீதிருந்த அன்பு எல்லாம் காரணமாக இருக்கலாம். என் ஊகம் வேறு: டி ஸ்டைல் ஒரு கொள்கை, அதில் சாய்கோடு துரோகமாகும். இதுவோ சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பக்கத்துச் சுவரில் தொங்கும் சாய்கோட்டுக்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்தக் குழுவினர் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்தார்கள். நவீனக் கலை அருங்காட்சியகம் எவ்வளவு நவீனம் என்பதே அதன் தலைப்பு. ஆட் ரைன்ஹார்ட் அதைப் பலவகை எழுத்துருக்களில், பெரிதும் சிறிதுமாக, பழங்கால நாடக விளம்பரம்போல அமைத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அருங்காட்சியகம் இத்தாலிய மேதைகளின் ஓவியங்களை வைத்திருந்தது; போத்திச்செல்லியின் வீனஸ்கூட வந்திருந்தாள். வீனஸ் அழகிதான், அதில் ஐயமில்லை, ஆனால் அவள் எந்த நூற்றாண்டுக்காரி என்பதுதான் வாசலில் நின்றவர்களின் வழக்கு. எங்களூரிலும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். 1967இல் லத்தீஃப் மொகிதீன், சையத் அகமது ஜமால், ஜாலி கோ உள்ளிட்ட எழுவர் ‘குரூப்’ என்ற வெறும் பெயரோடு கோலாலம்பூரில் சேர்ந்து காட்சி வைத்தது எனக்கு அதே வகையான செயலாகவே படுகிறது. தேசியக் கலைக்கூடம் 1958இலேயே தொடங்கிவிட்டதால், இங்கே வாசலில் நிற்க வேண்டிய தேவை குறைவாக இருந்திருக்கலாம்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. போர் முடிந்த சில ஆண்டுகளில் அரூபம் வென்றது. ஆனால் வென்றவர்கள் ஓவியர் ஜாக்சன் போலக்கும், கூட்டத்திலிருந்து எழுந்துபோன டி கூனிங்கும்தான். ஓவியர் லீ கிராஸ்னர் இந்தக் குழுவோடு காட்சிக்கு வைத்தவர் என்பதையே பலர் பின்னாளில்தான் நினைவுகூர்ந்தார்கள். சுவர் கேட்டுத் துண்டறிக்கை கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சுவர் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நோக்கம் நிறைவேறிவிட்டது என்று சங்கத்தைக் கலைத்துவிடவும் இல்லை. அது இன்றும் இயங்குகிறது, இன்றும் கண்காட்சி வைக்கிறது. வரையறை எழுதி வைத்திருந்தால் அது 1950லேயே காலாவதியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுவர்ப்பூச்சுக்கு அடியில்

ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவரான பர்கோயின் டில்லர், அரசாங்க வேலைத்திட்டத்தில் நியூயார்க்கின் சுவரோவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். புரூக்ளினில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட வில்லியம்ஸ்பர்க் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறைகளில் உழவரையும் இயந்திரத்தையும் வரைவதற்குப் பதிலாக அரூப ஓவியங்களை வைக்கச் செய்தார். நாள் முழுவதும் இயந்திரத்தோடு இருப்பவனுக்கு மாலையிலும் இயந்திரப் படமா என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. போலோடாவ்ஸ்கி, ஸ்விண்டன், பால் கெல்ப்பி, பால்கம் கிரீன் ஆகியோர் வரைந்தார்கள். காலப்போக்கில் யாரும் அவற்றை ஓவியமாகப் பார்க்கவில்லை. சுவருக்குச் சாயமடித்தவர்கள் அவற்றின் மேலேயே அடித்துக்கொண்டு போனார்கள். 1980களின் இறுதியில் அந்தப் பூச்சு அடுக்கடுக்காகச் சுரண்டப்பட்டு ஓவியங்கள் மீட்கப்பட்டன. 1990 முதல் அவை புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதைப் படித்த வாரத்தில்தான் எங்கள் செயலவையில் பாரத்தைத் திருத்த வேண்டும் என்ற என் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. ஏழாவது கட்டத்தை அடியோடு நீக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நாற்பது நிமிடம் பேசினோம். கருப்பொருள் இல்லையென்றால் பரிசளிப்பின்போது அறிவிப்பாளர் எதை வாசிப்பார் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். முடிவில் ‘ஓவியத்தின் கருப்பொருள்’ என்பதற்குப் பின்னால், பிறைக்குறிக்குள், ‘இருந்தால்’ என்று சேர்த்துக்கொள்ள ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தட்டச்சு செய்தவன் நானேதான்.

மறுநாள் பழைய பாரக்கட்டைத் தேடி எடுத்து, அம்மையாரின் எண்ணுக்கு அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் நினைவில் வைத்திருந்தார். அந்த ஓவியத்தை இந்த ஆண்டுக் கண்காட்சிக்குத் தர முடியுமா, பாரத்தை மாற்றிவிட்டோம் என்று சொன்னேன். “அது இப்போது இல்லை, தம்பி,” என்றார். “அதன் மேலேயே பேரனுக்கு ஒரு மயில் வரைந்து கொடுத்துவிட்டேன். கேன்வாஸ் விற்கிற விலை உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத்தான் வந்திருக்கிறது. தோகைக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் செங்கல் நிறம் கொஞ்சம் தெரிகிறது. இன்னொரு பூச்சுப் பூச வேண்டும் என்று பார்க்கிறேன், நேரம்தான் இல்லை.”

பூச வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.